மேவிஸ் கொக்கி

தார்ன்ஷா மரக்கடைசல் சங்கத்தில் மேவிஸ் செய்து கொடுத்த கொக்கி இல்லாத ஆளே கிடையாது. வாய் சிறுத்த ஜாடி கடைகிறவனுக்கு நேரான உளி பாதி வழிக்குத்தான் துணை வரும். கழுத்துக்குள் நுழைந்து, தோளுக்கு அடியில் திரும்பி, கண்ணுக்குத் தெரியாத இடத்தில் மரத்தைச் சுரண்டி எடுக்க நுனி வளைந்த கம்பி வேண்டும். கடையிலும் விற்கிறார்கள். அதன் விலையைக் கேட்டுவிட்டு, "கூடவே லேத்தையும் கட்டிக் குடுப்பீங்களா?" என்று சங்கத் தலைவர் ரோலண்ட் கடைக்காரனைக் கேட்டாராம்.

மேவிஸின் கொக்கிக்கு அந்தக் கவலை இல்லை. உடைத்துப்போட்ட வேனின் ஸ்டீயரிங் கம்பிதான் தண்டு. முறிந்த டிரில் பிட்டிலிருந்து அறுத்த எஃகுச் சில்லுதான் நுனி. ஒரு சின்னத் திருகு அதைப் பிடித்துக்கொள்ளும். கைப்பிடி பழைய தண்ணீர்க் குழாய். அதிராமல் இருக்க உள்ளே மணல், வழுக்காமல் இருக்க மேலே சைக்கிள் டியூப். டிரெய்லர் தொழிற்சாலையில் முப்பது வருஷம் வெல்டிங் செய்த கை அது. அவள் பற்றவைத்த இடத்தைச் சம்மட்டியால் அடித்தால் சம்மட்டிக்குத்தான் வலிக்கும்.

இதில் ஒரே ஒரு சங்கடம். மேவிஸுக்குக் கடையத் தெரியாது.

சுத்தமாகத் தெரியாது. வேலையிலிருந்து நின்ற புதிதில் ஒரு பழைய லேத்தை வாங்கிக் கார் கொட்டகையில் நிறுத்தி, ஆஷ் மரக் கட்டை ஒன்றை மாட்டி, தைரியமாக உளியை நீட்டினாள். உளி கடித்தது. கட்டை பிடியிலிருந்து பிய்த்துக்கொண்டு அவள் காதோரமாகப் பறந்துபோய், பின்னால் நின்ற ஃப்ரீசரின் கதவில் மோதியது. கதவு திறந்து, உறைந்த பட்டாணி தரையெல்லாம் உருண்டது. கொதிக்கிற இரும்போடு காலம் தள்ளியவள். தீக்கும் பொறிக்கும் அவள் பயந்ததில்லை. இரும்பு சுடும், எங்கே சுடும் என்றும் தெரியும். இந்த மரம் எப்போது எந்தப் பக்கம் பாயும் என்று யார் கண்டது? அன்றைக்கே லேத்தைத் தார்ப்பாய் போட்டு மூடினாள். அதற்குப் பிறகு அதன் மேல் கம்பிகளைப் பரப்பி வைத்துக் கொக்கி செய்தாள். மேஜையாக அது நன்றாகவே உழைத்தது.

சங்கத்தில் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. கூட்டம் நடக்கும்போது அவள் கையில் எப்போதும் யாருடைய கொக்கியாவது இருக்கும். நுனியைத் தீட்டுவாள், திருகை மாற்றுவாள். யாராவது கடைந்துகொண்டிருந்தால் பின்னால் போய் நின்று பார்த்துவிட்டு "ம்" என்பாள். அந்த "ம்" காதில் விழுந்ததும் கடைகிறவன் உளியின் கோணத்தை அவசரமாக மாற்றிக்கொள்வான். ஏன் மாற்றுகிறான் என்று மேவிஸுக்குத் தெரியாது.

மாதக் கூட்டம் சுரங்கத் தொழிலாளர் மன்றத்தின் பின்கூடத்தில் நடக்கும். அன்றைக்கு ரோலண்ட் எழுந்தார். பஸ் ஓட்டியே ஓய்வு பெற்றவர். கூடத்தில் பத்துப் பேர் இருந்தாலும் கடைசி சீட்டுக்காரனுக்குக் கேட்கிற மாதிரிதான் பேசுவார்.

"அடுத்த மாசம் செஞ்சு காட்ட ஆள் வேணும். கொக்கி போட்டு ஜாடி கடையறது. கொக்கியைப் பெத்தவளே செஞ்சு காட்டிட்டா நல்லாருக்கும்னு செயற்குழுவுல பேசி முடிவு பண்ணியாச்சு."

செயற்குழு என்பது ரோலண்டும் தேநீர் போடுகிற சிரிலும்.

"நானா? வேணாம்ப்பா," என்றாள் மேவிஸ். "எனக்கு ஆளுங்க முன்னாடி பேச வராது."

"பேசாத. கடை. பேசறதுக்குத்தான் நாங்க இருக்கோமே," என்றான் சிரில். சுவருக்குச் சாந்து பூசி வாழ்ந்தவன். கை ஓய்ந்ததும் அந்த வேலையை வாய் எடுத்துக்கொண்டது.

"எனக்குக் கடையவும் வராது."

கூடமே சிரித்தது. சிரில் தேநீர்க் கெண்டியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தான்.

"கேட்டீங்களாப்பா? இவளுக்குக் கடைய வராதாம். அப்ப எனக்கு டீ போட வராதுன்னு வச்சுக்கங்க."

"அது நெசந்தானே," என்றார் ரோலண்ட்.

அதோடு முடிந்தது. மேவிஸ் உண்மையைச் சொல்லிவிட்டாள். அதை வாங்கிக்கொள்ளத்தான் ஆளில்லை. இரண்டாவது தரம் சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. தொழிற்சாலையில் எங்கே இணைப்பு விட்டாலும், "மேவிஸைக் கூப்பிடு" என்பார்கள். வேலை முடிந்து வீட்டுக்கு வந்த பிறகு வாரக்கணக்கில் அவளை யாரும் எதற்கும் கூப்பிடவில்லை. இந்தக் கூடத்தில்தான் மறுபடியும், "மேவிஸு, இங்க கொஞ்சம் வா" என்ற சத்தம் கேட்டது. அது நின்றுபோவதை அவளால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

போதாததற்கு, சங்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. செய்து காட்டுகிறவர் கடைந்த ஜாடியைக் கடைசியில் பட்டை ரம்ப மெஷினில் வைத்து நெடுக்காக இரண்டாக அறுத்துவிடுவார்கள். பாதிகள் கை மாறி மாறிப் போகும். வெளியே எவ்வளவு மினுக்கியிருந்தாலும், சுவர் எங்கே தடித்தது, எங்கே மெலிந்தது என்பது அப்போது பிள்ளைக்குக்கூடத் தெரியும்.

மலைமேட்டைத் தாண்டினால் மில்பெக். அங்கே வேறு சங்கம், வேறு ஆட்கள். செவ்வாய்க்கிழமை பிற்பகலில் புதியவர்களுக்குச் சொல்லித் தருவதாக யாரோ எப்போதோ சொன்னது அவள் காதில் கிடந்தது. பஸ் ஏறிப் போனாள்.

சொல்லித் தருகிறவள் கிலெண்டா, கசாப்புக்கடைக்காரி. மேவிஸைவிட இருபது வயதாவது இளையவள். செவ்வாய்தோறும் அரைநாள் கடையை மூடிவிட்டு, பின்னாலுள்ள கொட்டகையில் இரண்டு லேத்தை வைத்துக்கொண்டு வருகிறவர்களுக்குப் பழக்குவாள். கறி வாங்க வருகிற பாதிரியார் வரைக்கும் எல்லாரும் அவளுக்குக் கண்ணுதான்.

"வாங்க கண்ணு. பேரென்ன?"

"ஹில்டா," என்றாள் மேவிஸ். அது அவள் தங்கையின் பெயர். தங்கை கேட்டால் உதைப்பாள்.

"இதுக்கு முன்னாடி லேத் பாத்திருக்கீங்களா?"

"மூடி வச்சுப் பாத்திருக்கேன்."

கிலெண்டா அவள் கையைப் பிடித்துத் திருப்பினாள். முழங்கை வரை சின்னச் சின்னச் சூட்டுத் தழும்புகள்.

"இதெல்லாம் என்ன?"

"வறுவல் பண்றப்ப தெறிச்சது."

"என்னத்த வறுப்பீங்க கண்ணு, மாட்டை முழுசாவா?"

முதல் நாள் மேவிஸுக்குக் கட்டை சுற்ற ஆரம்பித்ததும் தோள் தானாகப் பின்வாங்கியது. கிலெண்டா பின்னால் வந்து, அவள் இரண்டு முழங்கையையும் விலாவோடு சேர்த்து அமுக்கினாள்.

"கையால தள்ளாதீங்க, உடம்பால சாயுங்க. உளியோட சரிவை முதல்ல மரத்து மேல படுக்க வையுங்க. வெட்டக் கூடாது, சும்மா தேயட்டும். இப்ப கைப்பிடிய மெள்ளத் தூக்குங்க. இன்னும் கொஞ்சம். தொடை எலும்பு மேல கத்தி எப்படிப் போகும்? எலும்பே வழி காட்டும். நீங்க அது பின்னாடி போனாப் போதும்."

உளி சீறியது. ஈரமான மரத்திலிருந்து ஒரு சுருள் கிளம்பி, அறுபடாமல் நீண்டு, மேவிஸின் தோள்மேல் ஏறி விழுந்தது. அவள் அதை எடுத்துப் பார்த்தாள். இரும்பு இப்படிச் செய்ததே இல்லை. பஸ்ஸில் வீடு வரும்வரை அந்தச் சுருள் அவள் பையில் இருந்தது. கண்டக்டர் அதைப் பார்த்துவிட்டு, சிப்ஸ் என்று நினைத்து, பஸ்ஸுக்குள் சாப்பிடக் கூடாது என்றான்.

அடுத்தடுத்த வாரங்களில் கிண்ணம் ஒன்று வந்தது. அடியே இல்லாத கிண்ணம் இன்னொன்று வந்தது. அதைக் கிலெண்டா எண்ணெய் ஊற்றுகிற புனலாக வைத்துக்கொண்டாள். மூன்றாவது செவ்வாயன்று, "ஜாடி கடையணும்," என்றாள் மேவிஸ்.

"பொறந்து பத்து நாள்ல பந்தயம் ஓடணுமா? சரி, ஆசைப்படறீங்க," என்று சொல்லிக் கிலெண்டா சுவரிலிருந்து ஒரு கொக்கியை எடுத்து நீட்டினாள்.

தண்ணீர்க் குழாய். சைக்கிள் டியூப். பச்சை நிறத்தில் ஒட்டுப்போட்ட டியூப். மேவிஸ் தன் கையால் ஒட்டியது.

"இது எங்க கிடைச்சுது?" என்றாள்.

"எங்க ஆளு ஒருத்தர் கண்காட்சியில வாங்கிட்டு வந்தாரு. தார்ன்ஷாக்காரன் எவனோ செஞ்சதாம். வெல்டிங்கைப் பாருங்க கண்ணு. நான் ஆம்பளையப் பாத்து மயங்கினதில்ல, இதைப் பாத்து மயங்கிட்டேன்."

மேவிஸ் வெல்டிங்கைப் பார்த்தாள். நன்றாகத்தான் இருந்தது. முகம் சிவந்ததை மறைக்க மூக்கைச் சிந்தினாள்.

"ஆனா ஒண்ணு," என்றாள் கிலெண்டா. "இந்தாளு லேத் முன்னாடி நின்னதே இல்ல."

"எப்படிச் சொல்ற?"

"நுனியப் பாருங்க. தண்டுக்கு நேரா இல்ல, பக்கத்துல தள்ளி நிக்குது. மரம் சுத்தி வந்து நுனிய அமுக்கும் இல்லையா? நுனி தண்டோட கோட்டுல இருந்தா அந்த அமுக்கு நேரா கீழ, உளியச் சாய்ச்சு வைக்கிற தாங்கி மேல எறங்கிடும். இவன் ஒரே வளைவா வளைச்சு வெளிய விட்டுட்டான். அமுக்கினதும் தண்டு கையில புரளும், குடிகாரன் கதவுச் சாவியத் திருப்பற மாதிரி. ஒரே ஒரு ஜாடி கடைஞ்சு பாத்திருந்தா மறுநாளே திருத்தியிருப்பான்."

"ஒருவேளை அவருக்குக் கை பலமோ என்னவோ."

"குதிரை பிடிச்சாலும் புரளும். பிடிச்சுப் பாருங்க."

மேவிஸ் பிடித்துப் பார்த்தாள். கழுத்துக்குள் நுனி போகிறவரை சாதுவாக இருந்தது. மரத்தைத் தொட்டதும் குழாய் அவள் உள்ளங்கையில் உயிர் வந்தது மாதிரி முறுக்கிக்கொண்டது. மணிக்கட்டு வலித்தது. இரண்டு வருஷமாக இதைத்தான் அவள் ஊருக்கெல்லாம் செய்து கொடுத்திருந்தாள்.

பஸ்ஸில் மலைமேடு வரைக்கும் கிலெண்டா மேல் கோபம். கறி வெட்டுகிறவளுக்கு இரும்பைப் பற்றி என்ன தெரியும்? மேட்டைத் தாண்டி இறக்கத்தில் பஸ் திரும்பியபோது கோபமும் திரும்பித் தன் மேலேயே வந்து உட்கார்ந்தது.

வீட்டுக்கு வந்ததும் புதுத் தண்டு ஒன்றை எடுத்துப் பிடியில் இறுக்கி, கழுத்தைக் காஸ் சுடரில் சிவக்கக் காய்ச்சினாள். முதலில் ஒரு பக்கம் வளைத்தாள், பிறகு எதிர்ப்பக்கம் வளைத்து நுனியைத் திரும்பத் தண்டின் கோட்டுக்கே கொண்டுவந்து நிறுத்தினாள். அன்னத்தின் கழுத்து மாதிரி நின்றது. லேத்தின் மேலிருந்த தார்ப்பாயை இழுத்துப் போட்டாள். கட்டையை மாட்டி, ஃப்ரீசரைச் சுவரோரமாகத் தள்ளிவைத்துவிட்டு, கொக்கியை உள்ளே விட்டாள். புரளவில்லை. மேவிஸ் தனியாக நின்று சத்தமாகச் சிரித்தாள். சிரிப்பில் கை ஆடி, ஜாடி இரண்டாகப் போயிற்று. அதை அடுப்பில் போட்டுவிட்டு அடுத்த கட்டையை மாட்டினாள்.

கடைசி வகுப்பில் கிலெண்டா சொன்னது இதுதான்: "உள்ள கண்ணு தெரியாது. காதால கடையுங்க. சுவர் மெலிய மெலியச் சத்தம் மேல ஏறும். சத்தம் ஏறுற பக்கம் கையை எடுத்துடணும்."

சனிக்கிழமை பிற்பகல் மன்றத்தின் பின்கூடத்தில் நாற்காலிகள் வழக்கத்தைவிட அதிகம் போட்டிருந்தன. மேவிஸ் செர்ரிக் கட்டையை மாட்டி, வெளிப்புறத்தை முன்கூட்டியே கடைந்து வைத்திருந்தாள். புதுக் கொக்கியைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தபோது ரோலண்ட் கையைத் தட்டினார்.

"இன்னிக்கு ஒரு விசேஷம். மேவிஸ் செஞ்சு காட்டறான்னு கேள்விப்பட்டு மில்பெக் சங்கத்துக்காரங்களும் பாக்க வந்திருக்காங்க. உள்ள வாங்க, உள்ள வாங்க, பின்னாடி நகர்ந்து உக்காருங்க."

நாலைந்து பேர் வந்தார்கள். கடைசியாக வந்தவள் கையில் பன்றிக்கறிப் பணியாரப் பெட்டி.

"ஹில்டா?" என்றாள் கிலெண்டா.

"யாரு ஹில்டா?" என்றான் சிரில்.

மேவிஸ் துடைத்த கொக்கியை மறுபடி துடைத்தாள். கிலெண்டா அவளைப் பார்த்தாள், லேத்தைப் பார்த்தாள், பிறகு கூடத்தைப் பார்த்தாள்.

"இல்ல, எங்க ஊர்ல ஹில்டான்னு ஒருத்தங்க. அச்சு அசல் இதே மூஞ்சி. மாட்டை முழுசா வறுப்பாங்க," என்று சொல்லிவிட்டு முன்வரிசையில் நடுநாயகமாகப் போய் உட்கார்ந்து கையைக் கட்டிக்கொண்டாள்.

"நண்பர்களே," என்றார் ரோலண்ட், "நம்ம எல்லார் வீட்டுலயும் தொங்குற அந்தக் கொக்கிய உண்டாக்கினவ இவதான். மேவிஸ்."

கிலெண்டாவின் கட்டிய கை அவிழ்ந்தது. தான் எதை எதையெல்லாம் யாரிடம் சொன்னோம் என்று அவள் நினைத்துப் பார்ப்பது முகத்தில் வரிசையாகத் தெரிந்தது. மேவிஸுக்கு இருந்த பயத்திலும் அதைப் பார்க்கக் கொஞ்சம் சந்தோஷமாகத்தான் இருந்தது.

லேத்தை ஓடவிட்டாள். முழங்கையை விலாவோடு சேர்த்தாள். கொக்கி உள்ளே போயிற்று.

"அது என்ன புதுசா ரெண்டு வளைவு?" என்றான் சிரில்.

"நுனி தண்டோட கோட்டுல இருக்கணும். இல்லேன்னா கையில புரளும்," என்றாள் மேவிஸ், தலை திருப்பாமல். முன்வரிசையில் யாரோ இருமினார்கள்.

தூள் வாய்வழியாகக் கொட்டியது. கொஞ்ச நேரம் எல்லாம் நன்றாகவே போயிற்று. பிறகு சுவரின் சத்தத்தைக் கேட்க வேண்டிய கட்டம் வந்தது. கூடத்தின் மூலையில் சிரிலின் வெந்நீர்க் கொதிகலன் ரயில் மாதிரி இரைந்தது.

"யோவ் சிரில், அதை அணை," என்றாள் மேவிஸ்.

"அணைச்சா டீக்கு எங்க போவீங்க?"

"அணைய்யா. ஜாடி பேசறது கேக்கல."

கூட்டம் மரியாதையோடு தலையசைத்தது. ஜாடி பேசுகிறதாம். அணைத்த பிறகும் ஜாடி என்ன பேசுகிறதென்று மேவிஸுக்குப் பாதிதான் விளங்கியது. ஒரு பக்கம் சத்தம் ஏறுகிற மாதிரி இருந்தது, கையை எடுத்தாள். கிலெண்டா இருமினாள். மறுபடி வைத்தாள். கிலெண்டா மறுபடி இருமினாள்.

"அந்தம்மாவுக்கு ஒரு கிளாஸ் தண்ணி குடுங்கப்பா," என்றார் ரோலண்ட்.

எப்படியோ முடிந்தது. ஜாடி உடையவில்லை, பறக்கவில்லை. தூளை ஊதித் தள்ளி, மெழுகு போட்டுத் தேய்த்ததும் செர்ரி மரம் தேன் நிறத்தில் மினுங்கியது. ரோலண்ட் அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பட்டை ரம்பத்தின் பக்கம் போனார். நின்றார்.

"இவ்வளவு லட்சணமா இருக்கு. அறுக்க மனசு வரமாட்டேங்குது. மேவிஸ் செஞ்சது, இதுல பாக்கறதுக்கு என்ன இருக்கு? இந்த ஒரு தடவை விட்டுடலாமா?"

"விட்டுடு, விட்டுடு. பாவம்," என்று நாலு பக்கமும் குரல்.

மேவிஸுக்கு மூச்சு வந்தது. அப்படியே வாங்கிப் பையில் வைத்துக்கொண்டு வீட்டுக்குப் போகலாம். அடுத்த மாதம் கூப்பிடுவார்கள், அதற்கடுத்த மாதமும் கூப்பிடுவார்கள். கிலெண்டா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்; இருமவில்லை.

தொழிற்சாலையில் வெல்டருக்குப் பரீட்சை என்றால் இரண்டு தகட்டை ஒட்டச் சொல்வார்கள். ஒட்டியதைக் குறுக்கே அறுப்பார்கள். மேலே எவ்வளவு அழகாக இருந்தாலும், அறுத்துப் பார்க்காமல் ஒருவரையும் தேர்ச்சி போட்டதில்லை. மேவிஸே எத்தனையோ பேர் ஒட்டியதை அறுத்து, முகத்துக்கு நேரே தூக்கிக் காட்டியிருக்கிறாள். இப்போது அந்த ஜாடிக்குள் என்ன இருக்கிறதென்று இந்தக் கூடத்தில் யாரைவிடவும் அவளுக்குத்தான் தெரிய வேண்டியிருந்தது. அது தெரியாமல் வீட்டுக்குப் போனால் தூக்கம் வராது.

"அறு," என்றாள்.

"மேவிஸு, யோசிச்சுச் சொல்லு."

"அறுய்யா. எல்லாரோடதையும் அறுத்தோம்ல."

ரம்பம் இரைந்தது. இரண்டு பாதிகள் ரோலண்டின் இரண்டு கையிலும் விரிந்தன.

தோளுக்கு அடியில் சுவர் ரொட்டியின் அடித்துண்டு மாதிரித் தடித்திருந்தது. வயிற்றுப் பகுதியை விளக்குக்கு நேரே பிடித்தால் வெளிச்சம் சிவப்பாகத் தெரிந்தது. உள்ளெல்லாம் துணி துவைக்கிற பலகை மாதிரி வரிவரியாக மேடும் பள்ளமும். அடியில் கொக்கி எட்டிக்கூடப் பார்க்காத மரம் ஒரு கைப்பிடி கனத்துக்குக் கிடந்தது.

பாதிகள் கை மாறின. கடைசியில் ஒன்று சிரிலிடம் வந்தது.

"மேவிஸு," என்றான் அவன், "இது ஜாடியா, குதி வச்ச செருப்பா?"

"ஜாடிதான். இதுக்கு முன்னாடி செஞ்சதெல்லாம் அடுப்புல போச்சு. நான்தான் அன்னிக்கே கடைய வராதுன்னு சொன்னேனே. நீங்கதான் சிரிச்சீங்க."

"அப்ப ரெண்டு வருஷமா எங்க பின்னாடி நின்னு 'ம்'னியே?" என்றார் ரோலண்ட்.

"தொண்டை கரகரன்னு இருந்துச்சு."

"அஞ்சு வாரமாத்தான் பழகறாங்க," என்றாள் கிலெண்டா எழுந்து. "நான்தான் சொல்லிக் குடுத்தேன். அஞ்சு வாரத்துக்கு இந்த ஜாடி மோசமில்ல. நான் அஞ்சாவது வாரத்துல ஜன்னலை உடைச்சேன்."

யாரும் சிரிக்கவில்லை. மேவிஸ் கொக்கியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றாள். நாற்காலி ஒன்று நகர்கிற சத்தம் கேட்டது. எழுந்தவன் சிரில்.

"இரு, இரு. கையில புரளும்னு சொன்னியே. பழைய கொக்கி புரளுமா?"

"புரளும்."

"எல்லாருக்குமா?"

"எல்லாருக்கும். நுனிய நான் தப்பான இடத்துல வச்சுட்டேன்."

"அடிப்பாவி," என்று சிரில் சட்டைக் கையைச் சுருட்டினான். மணிக்கட்டில் ஒரு நீல எலாஸ்டிக் பட்டை. "என் கைதான் போச்சுன்னு டாக்டர்கிட்ட போயி, குளிர்காலம் பூரா டிவி முன்னாடி உக்காந்து ரப்பர் பந்தை அமுக்கிக்கிட்டு இருக்கேன்டி."

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

"உன்கிட்டயா? அவ்வளவு பெரிய வேலைக்காரி செஞ்சது, நம்ம கையிலதான் கோளாறுன்னு நெனச்சேன்."

"நானும்தான்," என்றார் ரோலண்ட், இந்தத் தடவை மெதுவாக. "வயசாயிடுச்சுன்னு நெனச்சு அந்தப் பெரிய கட்டையையெல்லாம் வித்துட்டேன்."

அதோடு அணை உடைந்தது. இரண்டு வருஷமாக மரியாதைக்காக அடக்கி வைத்திருந்ததெல்லாம் ஒரே நேரத்தில் வந்தது. நுனியைப் பிடிக்கிற திருகு நடுவேலையில் கழன்று தூளுக்குள் விழுந்துவிடுகிறது. அதைத் தேடியே ஒருவன் மூக்குக்கண்ணாடியை மிதித்துவிட்டான். சைக்கிள் டியூப் உள்ளங்கையைக் கறுப்பாக்கி, அந்தக் கையால் பேரப்பிள்ளையின் ஞானஸ்நான உடையைத் தொட்டு ஒரு வீட்டில் சண்டை. குழாயின் மூடி சரியில்லை, மணல் ஒழுகுகிறது, ஒருவனின் பூனை அந்த மணலை வேறு காரியத்துக்குப் பயன்படுத்துகிறது.

"மணல் ஒழுகினா மூடிய இறுக்கணும். அதுக்கும் நான் வரணுமா?" என்றாள் மேவிஸ்.

"இறுக்கினா கழட்ட வரமாட்டேங்குதே."

"எதுக்குக் கழட்டறே?"

"மணல் ஒழுகுதான்னு பாக்க."

"நீ ஒருத்தன் போதும்யா," என்று அவள் சொன்னாள். ஆனால் காதுக்கு மேலிருந்த பென்சிலை எடுத்து, கிடைத்த பாதி ஜாடியின் தடித்த சுவரில் திருகு, டியூப், மூடி என்று எழுதிக்கொண்டாள். இடம் தாராளமாக இருந்தது.

கிலெண்டா பணியாரப் பெட்டியோடு பக்கத்தில் வந்து நின்றாள்.

"ஏன் கண்ணு, நான் அவ்வளவு பேசினப்ப, 'நான்தான் செஞ்சேன்'னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே. எனக்கு இப்ப மூஞ்சிய எங்க வச்சுக்கறதுன்னு தெரியல."

"சொல்லியிருந்தா நுனி தப்புன்னு சொல்லியிருப்பியா?"

கிலெண்டா யோசித்தாள். "மாட்டேன்," என்றாள். "நல்லாருக்குன்னு சொல்லி ஒரு பணியாரம் குடுத்திருப்பேன்."

"அதை இப்பக் குடு."

மேவிஸ் அதை நின்றுகொண்டே தின்று முடித்தாள். ரோலண்ட் ஒரு பெட்டியைக் காலால் தள்ளிக்கொண்டு வந்தார். அதில் இன்னொரு செர்ரிக் கட்டை.

"இதையும் மாட்டு," என்றார்.

"எதுக்கு?"

"இன்னும் மணி ஆகல. தப்பு எங்கன்னு நாங்க பாத்தாச்சு. இப்ப எங்க முன்னாடி திருத்து. புதுக் கொக்கி எப்படிப் போகுதுன்னு நானும் பாக்கணும்."

கட்டையை மாட்டினாள். நாற்காலிகளை விட்டுவிட்டு எல்லாரும் லேத்தைச் சுற்றி வந்து நின்றார்கள். தார்ன்ஷா எது, மில்பெக் எது என்று தெரியவில்லை. கொக்கி மரத்தைத் தொடவே இல்லை, அதற்குள் சிரில், தாங்கி உயரம் பத்தாது என்றான். ரோலண்ட், அதிகம் என்றார். மில்பெக்கிலிருந்து வந்த ஒரு கிழவர் காலை அகட்டி வைக்கச் சொன்னார். இன்னொருவர் சேர்த்து வைக்கச் சொன்னார். கிலெண்டா அவள் முழங்கையைப் பிடித்து விலாவில் அமுக்கினாள். ரோலண்ட் மறு முழங்கையைப் பிடித்து வெளியே இழுத்தார். இத்தனை வருஷத்தில் அவளிடம் யாரும், 'நீ செய்வது தப்பு' என்று இவ்வளவு பேராக, இவ்வளவு ஆசையாகச் சொன்னதில்லை. தொழிற்சாலை மேஸ்திரிகூடச் சொன்னதில்லை.

"எல்லாரும் சொல்லி முடிச்சாச்சா?" என்றாள் மேவிஸ்.

"இல்ல," என்றான் சிரில். "முதல்ல நெத்தி மேல ஏத்தி வச்சிருக்கற கண்ணாடிய எறக்கு."

அவள் கண்ணாடியை இறக்கிக்கொண்டு, அவர்கள் பேசுவது காதில் விழாதபடி லேத்தை வேகமாக ஓடவிட்டாள்.